குரலுக்குக் கொடுத்த விலை

1873ஆம் ஆண்டின் கடைசி நாளில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு நோயாளியின் குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். நோயாளிக்கு வயது 36. சமயப் பாடம் நடத்தும் ஆசிரியர். குரல்வளையில் புற்று. சில வாரங்களுக்கு முன் கட்டியை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தும் அது மீண்டும் வளர்ந்துவிட்டது. குரல்வளை இல்லாமல் ஓர் உயிர் பிழைக்குமா என்பதை பில்ரோத்தின் உதவியாளர் வின்சென்ஸ் செர்னி 1870இலேயே நாய்களிடம் சோதித்துப் பார்த்திருந்தார். அந்தத் துணிவில்தான் பில்ரோத் கத்தியை எடுத்தார். புற்றுநோய்க்காக நடந்த முதல் முழுக் குரல்வளை நீக்கம் என்று மருத்துவ வரலாறு இதைக் குறித்து வைத்திருக்கிறது. அந்த நிகழ்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பில்ரோத்தின் இன்னொரு உதவியாளரான கார்ல் குசென்பாவர் அந்த நோயாளிக்கென்றே ஒரு செயற்கைக் குரல்வளையைச் செய்தார். மூச்சுக்குழலையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அது. உள்ளே காற்று பட்டால் அதிரும் உலோகத் தகடு. ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதியில், ஆனால் கேட்பவருக்குப் புரியும்படி, அந்த ஆசிரியர் மீண்டும் பேசினார். 1874இல் குசென்பாவர் இதை ஜெர்மானிய அறுவை மருத்துவர்களின் கூட்டத்தில் விளக்கினார். அதே ஆண்டில் புற்று திரும்பி, நோயாளி இறந்தார்.

ஆக, குரல்வளையை எடுத்த அதே கைகள் குரலைத் திருப்பிக் கொடுக்கவும் முயன்றன. பிற்காலத்தில் மருத்துவம் இவ்விரண்டையும் தனித்தனி வேலைகளாகப் பிரித்தது: புற்றை அகற்றி உயிரைக் காப்பது முதல் கடமை, குரல் முடிந்தால் பார்த்துக்கொள்ளும் வசதி. இறந்த ஒருவரின் குரல்வளையை இன்னொருவருக்குப் பொருத்தும் அறுவை இந்தப் பிரிவினையின் நடுவே மாட்டிக்கொண்டது. 1969இல் முதன்முறையாக முயன்று பார்க்கப்பட்ட அந்த அறுவை, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் உலகம் முழுவதும் சொற்ப எண்ணிக்கையில்தான் நடந்திருக்கிறது. நுணுக்கமான நாளங்களையும் நரம்புகளையும் தைக்கும் திறமை கைகூட நாளாயிற்று என்பது ஒரு விளக்கம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. இந்த அறுவையின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால், அதைத் தடுத்து நிறுத்தியது பெரும்பாலும் விலை பற்றிய கேள்விதான் என்பது தெரிகிறது. மாற்று உறுப்பை உடல் ஏற்க வேண்டுமானால் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். உயிரைக் காக்காத ஓர் உறுப்புக்காக அந்த விலையைக் கொடுக்கலாமா, அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்த இடங்களில் எல்லாம் அறுவை நடந்தது. கிடைக்காத காலங்களில் நின்றது.

விலையைப் பேசுமுன், வாங்கும் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும். குரல்வளையின் முதல் வேலை பேச்சு இல்லை. மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் பிரியும் சந்தியில் நின்று, விழுங்கும்போது மூச்சுக்குழலின் வாயை அடைப்பதே அதன் ஆதி வேலை. நீரும் சோறும் நுரையீரலுக்குள் இறங்காமல் காப்பது அது. இருமும்போதும் முக்கும்போதும் காற்றை அடைத்து வைத்து அழுத்தம் சேர்ப்பதும் அதுவே. இதன் மேல் வளர்ந்ததுதான் குரல். குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டால் மூச்சுக்குழலை அடிக்கழுத்தில் ஒரு துளையாக வெளியே திருப்பி விடுகிறார்கள். அதன் பிறகு அந்த மனிதர் மூக்காலோ வாயாலோ சுவாசிப்பதில்லை. மூக்கு வழியே காற்று போகாததால் வாசனை தெரிவதில்லை. வாசனை போனதால் உணவின் சுவையும் மங்குகிறது. காற்றை ஈரப்படுத்தி, சூடாக்கி, தூசியைத் தடுக்கும் மூக்கின் வேலை நின்றுபோவதால் சளி கட்டுகிறது. குளத்தில் இறங்கினாலும் தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் துளைக்குள் நீர் புகுமோ என்ற பயம். குரல் மட்டும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் இந்த இழப்பின் ஒரு பகுதியைத்தான் காண்கிறார்கள். செயற்கைக் கருவி எதுவும் இவை அத்தனையையும் ஈடுசெய்ய முடியாது என்பதால்தான் முழு உறுப்பையே மாற்றும் எண்ணம் மருத்துவர்களை விடாமல் தொடர்ந்தது.

உயிரும் குரலும் இருவேறு கணக்குகளாகப் பிரிந்த கதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது. தொடக்க ஆண்டுகளில் குரல்வளை நீக்கத்துக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுவையை ஒட்டியே இறந்தார்கள். உமிழ்நீரும் உணவும் திறந்த மூச்சுக்குழலுக்குள் வழிந்து நுரையீரல் அழற்சி உண்டானதே முக்கியக் காரணம். பேச்சுக்காக மூச்சுக்குழலுக்கும் தொண்டைக்கும் நடுவே விட்டுவைத்த வழியே சாவுக்கும் வழியானது. பெர்லினில் பணிபுரிந்த தெமிஸ்டோக்ளெஸ் குளுக் இதற்கு ஒரு முடிவு கட்டினார். மூச்சுக்குழலின் வெட்டிய முனையைத் தொண்டையிலிருந்து முற்றாகப் பிரித்து, கழுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடும் முறையை அவர் 1880களிலிருந்து வளர்த்தெடுத்தார். தொண்டை தனியே மூடப்பட்டது. இறப்பு பெருமளவு குறைந்தது. இன்று உலகெங்கும் செய்யப்படும் குரல்வளை நீக்கம் அடிப்படையில் குளுக் வகுத்த வழியில்தான் நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தது அவர் புண்ணியம். ஆனால் அந்தத் தையல் மூச்சுக்கும் வாய்க்கும் இருந்த தொடர்பை நிரந்தரமாக அறுத்தது. பிழைப்பதற்கான நிபந்தனையாகவே மௌனம் ஆயிற்று. குளுக்கைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை; அந்தக் காலத்தில் அதைவிட நல்ல தேர்வு இருக்கவில்லை. ஆனால் ஒரு காலத்தின் கட்டாயம் அடுத்த நூற்றாண்டில் ஒரு கொள்கையாக இறுகிவிட்டது.

அந்தக் கட்டாயம் எவ்வளவு கொடியது என்பதை ஐரோப்பா ஓர் அரச மாளிகையில் பார்த்தது. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்கு 1887இல் தொடர்ந்து குரல் கம்மியது. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்று என்று ஐயுற்று, கழுத்தைத் திறந்து அறுவை செய்ய ஆயத்தமானார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட மொரெல் மெக்கன்சி திசுவை எடுத்துச் சோதிக்காமல் அறுவை கூடாது என்றார். அவர் எடுத்த திசுத் துணுக்குகளை ஆராய்ந்த ருடால்ப் விர்ஷோ அவற்றில் புற்று இல்லை என்றதும் அறுவை கைவிடப்பட்டது. அந்த ஆண்டின் நவம்பரில், இத்தாலியின் சான்ரெமோவில், புற்று என்பதில் ஐயமில்லாமல் போனது. அப்போது குரல்வளையை நீக்க இளவரசர் இணங்கவில்லை. 1888 பிப்ரவரியில் மூச்சு முட்டியபோது கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மார்ச்சில் பேரரசரானவர், பேச முடியாமல், சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டியே ஆட்சி செய்து, 99 நாட்களில், ஜூன் 15 அன்று இறந்தார். யார் செய்தது சரி என்று இரு நாட்டு மருத்துவர்களும் பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டையின் அடியில் இருந்த கேள்விதான் நமக்கு முக்கியம். உயிர் பிழைக்க ஒரு வாய்ப்பு, அதற்கு ஈடாக அறுவையின் ஆபத்தும் நிரந்தர மௌனமும் என்று வந்தபோது, தெரிந்தே மறுத்த ஒரு மனிதர் இங்கே இருக்கிறார். குரல் வெறும் வசதி என்ற கணக்கு நோயாளியின் கணக்கோடு என்றுமே முழுதாக ஒத்துப்போனதில்லை.

20ஆம் நூற்றாண்டில் அறுவை பாதுகாப்பானது. குரலை மீட்கும் பொறுப்போ நோயாளிகளின் தோளில் ஏறியது. காற்றை உணவுக்குழலுக்குள் விழுங்கி, ஏப்பம் விடுவதுபோல் வெளியேற்றிப் பேசும் உணவுக்குழல் பேச்சை அவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். பல மாதப் பயிற்சி வேண்டும். பலருக்கு அது வசப்படுவதே இல்லை. கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்வு உண்டாக்கும் மின்கருவி வந்தது. அதன் ஒலி இயந்திரத்தனமானது. 1980இல் அமெரிக்காவின் மார்க் சிங்கரும் எரிக் புளோமும் மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவே சிறு துளையிட்டு, ஒருவழித் தடுக்கிதழ் கொண்ட குரல் சாதனத்தைப் பொருத்தும் முறையை வெளியிட்டார்கள். நுரையீரலின் காற்றே மீண்டும் பேச்சுக்குப் பயன்பட்டது. இது பெரிய முன்னேற்றம். இன்றைக்கும் இதுவே முதன்மையான வழி. இதே காலத்தில் மருத்துவம் தன் பழைய கணக்கையும் மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. 1981இல் பார்பரா மெக்நீலும் அவருடைய சகாக்களும் தீயணைப்பு வீரர்களும் நிறுவன மேலாளர்களுமான 37 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம், குரலுக்காக ஆயுளில் எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள் என்ற கேள்வியை முறைப்படி ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், பிழைக்கும் வாய்ப்பு குறைந்தாலும் குரலைக் காக்கும் கதிர்வீச்சையே தேர்ந்தெடுப்பவராக இருந்தார். 1991இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 332 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களின் குரல்வளையைக் காப்பாற்றியதையும், அதனால் அவர்கள் உயிர்பிழைக்கும் விகிதம் குறையவில்லை என்பதையும் காட்டியது. குரல்வளையை விட்டுவைத்தே புற்றை எதிர்கொள்வது அதன் பிறகு பரவலான மருத்துவ நடைமுறையானது.

இந்தப் பின்னணியில்தான் மாற்று அறுவையின் கதையைப் படிக்க வேண்டும். 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் குரல்வளையை எடுத்து மீண்டும் பொருத்திப் பார்த்தார்கள். இரத்த நாளங்களைத் தைத்தால் உறுப்பு உயிரோடு இருக்கும் என்பது தெளிவானது. 1969இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் காது-மூக்கு-தொண்டைப் பேராசிரியர் பால் கிளாய்ஸ்கென்ஸ், புற்றால் குரல்வளை இழந்த ஒருவருக்கு இறந்தவரின் குரல்வளையின் பெரும்பகுதியைப் பொருத்தினார். அவருடன் இணைந்து அந்த அனுபவத்தை 1970இல் வெளியிட்டவர் ரிங்குவார் என்ற சிறுநீரக மருத்துவர். தொண்டை அறுவையில் சிறுநீரக மருத்துவருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அன்றைக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளைக் கையாளத் தெரிந்தவர்கள் சிறுநீரக மாற்றில் பழகியவர்கள்தான். அந்த மருந்துகளே இந்த முயற்சிக்கு எமனாகவும் ஆயின. நோயாளியின் உடலில் மிச்சமிருந்த புற்று மீண்டும் தலைதூக்கியது. சில மாதங்களில் அவர் இறந்தார். அந்நிய உறுப்பைத் தாக்காமல் தடுக்கும் மருந்து, புற்றணுக்களை வேட்டையாடும் காவலையும் சேர்த்தே தளர்த்துகிறது. குரல்வளை இழந்தவர்களில் பெரும்பாலோர் புற்றால் இழந்தவர்கள். அதாவது இந்த அறுவை யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே மிக ஆபத்தானது. கென்ட் கற்பித்த பாடம் இது. அதன் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எவரும் இந்த வழியில் பெயர் சொல்லும்படி காலெடுத்து வைக்கவில்லை. 1980களில் சைக்ளோஸ்போரின் வந்து இதய, கல்லீரல் மாற்றுகள் வழக்கமான சிகிச்சைகளாக மாறியபோதும் குரல்வளை காத்திருந்தது. வெறும் தொழில்நுட்பத் தடையாக இருந்திருந்தால் அப்போதே உடைந்திருக்கும்.

தொழில்நுட்பத் தடையும் சிறியதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். குரல்நாண்களைத் திறக்கும் தசைக்கும் மூடும் தசைகளுக்கும் ஒரே நரம்புதான் செல்கிறது. மார்புக்குள் இறங்கி மீண்டும் மேலேறி வருவதால் அதை மீள்குரல்வளை நரம்பு என்கிறார்கள். அந்த நரம்பை வெட்டித் தைத்தால் இழைகள் வளரும். ஆனால் திறக்க வேண்டிய இழை மூடும் தசைக்கும், மூட வேண்டியது திறக்கும் தசைக்கும் போய்ச் சேரலாம். அப்படிக் கலந்துவிட்டால் மூச்சை இழுக்கும்போது நாண்கள் விலகுவதற்குப் பதிலாக நடுவிலேயே நிற்கும். நடுவில் நிற்கும் நாண்களால் பேச முடியும், விழுங்கும்போது பாதையை அடைக்கவும் முடியும். தாராளமாக மூச்சுவிட மட்டும் முடியாது. அதனால் குரல் திரும்பினாலும் கழுத்துத் துளை தேவைப்படும். இதுவரை நடந்த அறுவைகளின் வெற்றியையும் குறையையும் புரிந்துகொள்ள இந்த ஓர் உடற்கூற்று உண்மை போதும்.

1998 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மார்ஷல் ஸ்ட்ரோம் தலைமையிலான குழு முழுக் குரல்வளையையும் மாற்றிப் பொருத்தியது. எலிகளில் பல ஆண்டுகள் இந்த அறுவையைப் பழகி, மருந்தின் அளவுகளை ஆராய்ந்த பிறகே ஸ்ட்ரோம் மனிதரிடம் வந்தார். அவர் தேர்ந்தெடுத்த நோயாளிதான் அந்த அறுவையின் ஆழமான முடிவு. நாற்பது வயதான அந்த மனிதருக்குப் புற்று கிடையாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் மோட்டார்சைக்கிள் விபத்தில் குரல்வளை நசுங்கியவர். கென்டில் உயிரைப் பறித்த ஆபத்து இங்கே இல்லை. மூளைச் சாவடைந்த ஒருவரின் குரல்வளை, தைராய்டு, பாராதைராய்டு சுரப்பிகள், மூச்சுக்குழலின் சில வளையங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாகப் பொருத்தப்பட்டன. பன்னிரண்டு மணி நேர அறுவை. மேல் குரல்வளை நரம்புகள் இரண்டையும் வலப்பக்க மீள்நரம்பையும் இணைத்தார்கள். இடப்பக்க மீள்நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் நாளில் அவர் பேசினார். சில மாதங்களில் வாயால் உண்டார், மணமும் சுவையும் திரும்பின. மூன்று ஆண்டுகளில் அவருடைய குரல் இயல்பான குரலின் அளவுகளை நெருங்கியிருந்ததை 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் குழு வெளியிட்டது. இருபது ஆண்டு மௌனத்துக்குப் பின் இதைப் பெற்றவருக்கு அது எத்தகைய பேறு என்பதை அளவுகோல்களால் சொல்லிவிட முடியாது. கழுத்துத் துளை மட்டும் மூடப்படவில்லை. நாளடைவில் உடல் மெல்ல மெல்ல அந்த உறுப்பை மறுக்கத் தொடங்கி, 14 ஆண்டுகள் கழித்து 2012இல் அதை அகற்ற வேண்டியதாயிற்று.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. குரல்வளை இல்லாமலும் ஒருவர் வாழலாம். அப்படியிருக்க, தொற்றுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் புற்றுக்கும் வழிவிடும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் கொடுப்பது, தீங்கு செய்யாதே என்ற மருத்துவ அறத்துக்கு எதிரானது என்பது அந்த மறுப்பு. இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. இதைச் சொன்னவர்கள் நோயாளியின் நலன் கருதியே சொன்னார்கள். ஆனால் இதன் அடித்தளம் உயிரைக் காப்பது, உயிரைக் காக்காதது என்ற இரண்டே பெட்டிகள். சிறுநீரகத்தை இதில் எந்தப் பெட்டியில் போடுவது? இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் துணையோடு பல்லாண்டுகள் வாழலாம் என்றிருந்தும் சிறுநீரக மாற்றை நாம் மறுப்பதில்லை. ஆயுள் கூடுகிறது என்பதோடு, வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்காமல் வாழ்வதும் ஒரு நன்மை என்று ஏற்கிறோம். கிளீவ்லாந்து அறுவை நடந்த அதே 1998இல் பிரான்சின் லியோனில் ஒரு மனிதருக்குக் கை மாற்றப்பட்டது. 2005இல் அமியான் நகரில் ஒரு பெண்ணுக்கு முகத்தின் ஒரு பகுதி. கையும் முகமும் உயிர் காப்பவை அல்ல. அவற்றைச் சுற்றியும் இதே விவாதம் நடந்தது. இன்று அவை தெளிவான நெறிமுறைகளோடு பல நாடுகளில் நடக்கின்றன. பெட்டி இரண்டாக இருந்தால் போதாது என்பதை மருத்துவம் தன் நடைமுறையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது.

இரண்டாவது மறுப்பு சான்றுகள் பற்றியது. கொலம்பியாவின் மெடெயின் நகரில் லூயிஸ் பெர்னாண்டோ டின்டினாகோவின் குழு 2000களில் குரல்வளையையும் மூச்சுக்குழலையும் சேர்த்துப் பத்துக்கும் மேற்பட்டோருக்கு மாற்றிப் பொருத்தியதாக அறியப்படுகிறது. எண்ணிக்கையில் அது வேறெந்த நாட்டையும்விட அதிகம். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன ஆயிற்று என்ற நீண்டகால விவரம் கிளீவ்லாந்து வெளியிட்டதுபோல் விரிவாக வெளிவரவில்லை. அதனால் உலகம் அந்த அனுபவத்திலிருந்து கற்க வேண்டிய அளவு கற்கவில்லை. இதிலும் கொடியது இன்னொரு திசையில் நடந்தது. விலையே இல்லாமல் உறுப்பு தருகிறோம் என்ற வாக்குறுதி எழுந்தது. நோயாளியின் சொந்த அணுக்களைப் பூசிய செயற்கை மூச்சுக்குழலைப் பொருத்தினால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தே வேண்டாம் என்று பாவ்லோ மக்கியாரினி 2011 முதல் ஸ்டாக்ஹோமில் அறிவித்துச் செய்தார். அங்கே அந்த அறுவை செய்துகொண்ட மூவரும் இறந்தார்கள். 2023இல் சுவீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இந்த மறுப்பு சரியானது. நான் அதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து வர வேண்டிய முடிவு இந்த அறுவையே கூடாது என்பதில்லை. விலையை மறைப்பவர்களும் முடிவுகளை வெளியிடாதவர்களும் செய்யக் கூடாது என்பதே.

விலை பற்றிய கேள்விக்கு உண்மையான விடை எதிர்பாராத ஒரு பக்கவாசல் வழியே வந்தது. 2010 அக்டோபரில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவ மையத்தில், சாக்ரமென்டோ நகரில், கிரெகரி ஃபார்வெல், பீட்டர் பெலாஃப்ஸ்கி, லண்டனைச் சேர்ந்த மார்ட்டின் பிர்ச்சல் முதலானோர் 52 வயதுப் பெண் ஒருவருக்குக் குரல்வளையையும் தைராய்டையும் மூச்சுக்குழலின் ஒரு பகுதியையும் மாற்றினார்கள். 18 மணி நேரம் ஆனது. செயற்கைச் சுவாசக் குழாயால் ஏற்பட்ட காயம் தழும்பேறி அடைத்ததில் பதினோரு ஆண்டுகள் குரலற்றிருந்தவர் அவர். 13ஆம் நாள் அவர் பேசினார். அந்தக் குழுவில் மக்கியாரினியும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் சாக்ரமென்டோவில் நடந்தது செயற்கை உறுப்பு இல்லை, மருந்தின் விலையை ஒப்புக்கொண்டு செய்த மாற்று. ஏன் இவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதில்தான் திருப்பம் இருக்கிறது. இந்தப் பெண்மணிக்கு ஏற்கெனவே சிறுநீரகமும் கணையமும் மாற்றப்பட்டிருந்தன. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை அவர் எப்படியும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியவர். குரலுக்காக அவர் புதிதாகக் கொடுக்க வேண்டிய விலை மிகக் குறைவு. கென்டில் சிறுநீரக மருத்துவரின் துணையோடு தொடங்கிய பாதை, சிறுநீரக நோயாளியின் வழியாகவே நியாயமான ஒரு வாசலைக் கண்டடைந்தது.

இந்த வாசலை அடுத்து வந்தவர்களும் பயன்படுத்தினார்கள். 2015இல் போலந்தின் கிளிவிட்சே நகரில், மரியா ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி பெயரில் அமைந்த புற்றுநோய் நிலையத்தில் ஆடம் மாச்செயெவ்ஸ்கியின் குழு குரல்வளை, மூச்சுக்குழல், தொண்டை, உணவுக்குழல், தைராய்டு, கழுத்துத் தோல் என்று கழுத்தின் முன்பகுதியையே ஒரு தொகுப்பாக மாற்றியது. நோயாளி சில ஆண்டுகளுக்கு முன் புற்றால் குரல்வளை இழந்தவர். அவருக்கும் மாற்றுச் சிறுநீரகம் இருந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று அரிசோனாவின் மேயோ கிளினிக்கில் டேவிட் லாட் தலைமையிலான ஆறு அறுவை மருத்துவர்கள் 21 மணி நேரம் உழைத்து 59 வயது மனிதருக்குக் குரல்வளையை மாற்றினார்கள். அவருடைய குருத்தெலும்புப் புற்று அப்போதும் குரல்வளையில் இருந்தது. புற்றுள்ள குரல்வளையை எடுத்த அதே அறுவையிலேயே புதியது பொருத்தப்பட்டது. அவரும் மாற்றுச் சிறுநீரகத்துக்காக ஏற்கெனவே அந்த மருந்துகளை உட்கொண்டவர். மேயோ இதைத் தனி அற்புதமாகச் செய்யவில்லை. பத்து நோயாளிகள் வரை சேர்க்கும் முறையான மருத்துவ ஆய்வின் முதல் அறுவையாக அறிவித்துச் செய்து, சில மாதங்களில் மருத்துவ இதழில் வெளியிட்டது. இதற்கிடையே 2023 செப்டம்பரில் லியோனில் பிலிப் செரூஸின் குழு 27 மணி நேர அறுவையில், 1996 முதல் பேச முடியாதிருந்த பெண்ணுக்குக் குரல்வளையை மாற்றியது. சில நாட்களிலேயே அவர் சில சொற்கள் பேசினார்.

இப்போது மூன்றாவது மறுப்பு, கென்டின் மறுப்பு: புற்றுநோயாளிக்கு இது ஆகுமா? எல்லாப் புற்றுக்கும் ஒரே விடை கிடையாது என்பதே அரிசோனா சொல்லும் பதில். புகையிலையால் வரும் வழக்கமான குரல்வளைப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது, திரும்பக்கூடியது. அதற்கு அவசரப்பட்டு மாற்று உறுப்பு வைப்பது கென்டின் தவற்றைத் திரும்பச் செய்வதாகும். குருத்தெலும்புப் புற்றோ பெரும்பாலும் மெல்ல வளர்வது, வேறிடம் பரவுவது அரிது. கிளிவிட்சே நோயாளி புற்று நீங்கிச் சில ஆண்டுகள் திரும்பாமல் இருந்தவர். ஆக, புற்று என்ற ஒரே சொல்லால் எல்லாரையும் விலக்குவதும் தவறு, எல்லாரையும் சேர்ப்பதும் தவறு. நான்காவது, துளை மூடப்படாவிட்டால் இது அரைகுறை வெற்றிதானே என்ற மறுப்பு. அரைகுறைதான். பிரான்சின் ரூவான் நகரில் ழான்-பால் மரீ போன்றவர்கள், உதரவிதானத்தை இயக்கும் நரம்பிலிருந்து இழையெடுத்துக் குரல்நாண்களைத் திறக்கும் தசைக்குத் தனியே கொடுக்கும் முறையை வளர்த்து வருகிறார்கள். மூச்சிழுக்கும்போது உதரவிதானத்தோடு சேர்ந்து நாண்களும் விலகும் என்பது இதன் தத்துவம். அது கைகூடும்வரை, பேசவும் விழுங்கவும் நுகரவும் முடிந்தாலும் துளையோடு வாழ வேண்டியிருக்கும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகும் அவர் விரும்பினால், அந்த அரைப் பங்கை அற்பமென்று கருத நமக்கு உரிமையில்லை.

கடைசி மறுப்பு பணம் பற்றியது. நம் நாட்டிலிருந்து பார்க்கும்போது அதுவே முதல் மறுப்பு. இருபது மணி நேரம் பல மருத்துவர்கள் உழைக்கும் அறுவையும் ஆயுள் முழுவதற்குமான மருந்தும் எங்கே, புகையிலையால் குரல்வளை இழந்து கூலி வேலைக்குத் திரும்ப முடியாமல் தவிக்கும் மனிதர் எங்கே? அவர்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள இறக்குமதிக் குரல் சாதனமே எட்டாக்கனி. பெங்களூருவின் புற்றுநோய் அறுவை மருத்துவர் விஷால் ராவ் ஏறத்தாழ ஐம்பது ரூபாய் அடக்கவிலையில் ஓம் என்ற குரல் சாதனத்தை உருவாக்கியது இந்தத் தவிப்புக்கான பதில்தான். இந்தியாவில் குரலிழந்த பெரும்பான்மையோருக்கு உடனடித் தேவை இத்தகைய மலிவான சாதனங்களும் பேச்சுப் பயிற்சியும், அதற்கும் முன்னதாகப் புகையிலைக் கட்டுப்பாடும், குரல் கம்மல் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் உடனே சோதிக்கும் வழக்கமும்தான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று தின்று வளர்பவை அல்ல. சாதனம் பொருத்த மூச்சுக்குழலும் உணவுக்குழலும் ஓரளவு நல்ல நிலையில் இருக்க வேண்டும். கழுத்து நசுங்கியவர்களுக்கும் மூச்சுக்குழல் தழும்பேறிச் சுருங்கியவர்களுக்கும் சாதனம் பல நேரங்களில் உதவுவதில்லை. அந்தச் சிறுபான்மைக்கு மாற்று அறுவையைத் தவிர முழுமையான வேறு வழி இன்று இல்லை. சிறுநீரக மாற்றும் தொடக்கத்தில் சிலருக்கே எட்டுவதாக இருந்து, பிறகு அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறுப்புகளைக் கடந்து வரலாறு நம்மிடம் விட்டுச்செல்லும் முடிவு இது. வியன்னாவில் பில்ரோத்தும் குசென்பாவரும் ஒன்றாகச் செய்த இரண்டு வேலைகளை, பிழைக்கவைக்கும் கட்டாயத்தால் மருத்துவம் பிரித்தது. பிரித்தது சரி, பிரிவினையை நிரந்தரமாக்கியது சரியில்லை. கென்ட் தோற்றது நோயாளி தாங்க முடியாத விலையைக் கொடுக்க நேர்ந்ததால். கிளீவ்லாந்து வென்றது புற்றில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுத்ததால். சாக்ரமென்டோவும் கிளிவிட்சேயும் அரிசோனாவும் முன்னேறியது விலையை ஏற்கெனவே கொடுத்திருந்தவர்களைக் கண்டறிந்ததால். ஒவ்வொரு அடியையும் நகர்த்தியது கத்தியின் கூர்மையைவிட, யாருக்குச் செய்யலாம் என்ற பகுத்தறிவு. இனி செய்ய வேண்டியதும் அதுவே: மாற்று உறுப்புக்கான மருந்துகளை ஏற்கெனவே உட்கொள்பவர்களையும், புற்றில்லாதவர்களையும், பரவாத அரிய புற்று உள்ளவர்களையும் முதலில் சேர்ப்பது, ஒவ்வோர் அறுவையின் முடிவையும், தோல்வியாக இருந்தாலும், பல்லாண்டுகள் தொடர்ந்து வெளியிடுவது, எதை எவ்வளவு மீட்க முடியும் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்வது. இவ்வளவும் செய்த பிறகு, சில ஆண்டு ஆயுளுக்கும் தன் குரலுக்கும் இடையே எது பெரிது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த வாழ்க்கையை வாழ்பவருடையது. மருத்துவர் விலையை நேர்மையாகச் சொல்லலாம், தவறான பேரத்தைத் தடுக்கலாம்; உன் குரலுக்கு இவ்வளவு மதிப்பில்லை என்று அவர் சார்பில் முடிவு கட்ட முடியாது.